சாலைப் பக்கத்து வாசல்

காஜா பெராங்,
மலாக்கா.
16.4.1957

அன்புள்ள அண்ணனுக்கு,

சந்திரமதியின் வணக்கம். நீங்களும் அண்ணியும் பிள்ளைகளும் சுகந்தானே? இங்கே நானும் அம்மாவும் சுகம். வருடப் பிறப்புக்கு நீங்கள் வருவீர்கள் என்று அம்மா பருப்பை ஊறப்போட்டுவிட்டுத் தெருவையே பார்த்துக் கொண்டிருந்தாள். செந்தூல் ரயில்வே ஆபீசில் உங்களை விட்டால் ஆளே இல்லையா? இது அம்மா கேட்கிற கேள்வி. நான் கேட்டால் உங்களுக்குக் கோபம் வரும்.

கோபம் வரப் போகிற விஷயம் வேறொன்று இருக்கிறது. தள்ளிப் போட்டு என்ன ஆகப் போகிறது, சொல்லிவிடுகிறேன். கல்வி இலாகாவிலிருந்து நம் வேலாயுதர் பாடசாலைக்குக் கடிதம் வந்திருக்கிறது. புதுச் சட்டப்படி எந்தப் பள்ளியும் அரசாங்கத்தின் முழு உதவியை வாங்கிக் கொள்ளலாம், இல்லையென்றால் தன் பாட்டில் தன் செலவில் நடக்கலாம். எது என்று இந்த வருடம் முடிவதற்குள் சொல்ல வேண்டும். உதவி வாங்கினால் ஆசிரியர் சம்பளம், கரும்பலகை, பெஞ்சு எல்லாம் அவர்கள் பொறுப்பு. அப்பா போன பிறகு பள்ளிக்கு மானேஜர் நீங்கள். உங்கள் கையெழுத்து இல்லாமல் எதுவும் நடக்காது. அதற்கான விண்ணப்பப் பாரத்தை இத்துடன் வைத்திருக்கிறேன்.

கோயில் உண்டியலை நம்பி எத்தனை காலம் ஓட்டுவது? தேவதாஸ் சார் செங் பக்கம் ஓர் எஸ்டேட் பள்ளிக்குப் போய்விட்டார். "டீச்சர், சாமி புண்ணியம் கொடுக்கும், கடைக்காரன் அரிசி கொடுக்க மாட்டான்" என்று சொல்லிவிட்டுப் போனார். மழை வந்தால் இரண்டு வகுப்புகளை ஒரே மூலையில் ஒண்டவைத்துப் பாடம் நடத்துகிறேன். போன வாரம் எனக்கு உடம்புக்கு முடியாமல் மூன்று நாள் வீட்டில் இருந்துவிட்டேன். என் வகுப்பைப் பார்க்க ஆளில்லை. பிள்ளைகள் மாங்காய் அடித்துக் கொண்டிருந்ததாகக் கேள்வி.

யோசித்துக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். அண்ணியை மிகவும் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள் அன்புத் தங்கை,
சந்திரமதி


செந்தூல்,
கோலாலம்பூர்.
28.4.1957

அன்புத் தங்கை சந்திரமதிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே யாவரும் நலம். கடிதத்தை முதலில் உன் அண்ணியிடம் கொடுத்தேன். பூங்காவனம் எழுத்துக் கூட்டி முதல் பக்கத்தை முடிப்பதற்குள் நான் குளித்துச் சாப்பிட்டே வந்துவிட்டேன். அப்பாவின் பிரம்புக்குப் பயந்து ஐந்தாம் வகுப்போடு ஓட்டம் பிடித்தவள்தானே! சொன்னால் முறைக்கிறாள்.

பாரத்தைப் பார்த்தேன். கையெழுத்துப் போடுவதாக இல்லை.

வெள்ளைக்காரன் மானியம் தருகிறேன் என்று தேடி வந்தபோது அப்பா என்ன சொன்னார்? "இன்னைக்குச் சம்பளம் கொடுக்கிறவன் நாளைக்குத் தேவாரத்தை நிறுத்தும்பான், துரை. எங்க சாமி போடுற சோறு எங்களுக்குப் போதும்." இதைச் சொன்னபோது நான் பக்கத்தில் நின்றேன். அந்தத் துரை தொப்பியை எடுத்துக் கொண்டு போனது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. இப்போது நம் ஆட்களே ஆளப் போகிறார்கள், அதனால் வாங்கலாம் என்பாய். நானும் அப்படி நினைத்துத்தான் ஆபீசில் ஒருவரிடம் சட்டத்தை வாங்கிப் படித்தேன். உதவி பெறும் பள்ளியில் பதினைந்து முஸ்லிம் பிள்ளைகள் இருந்தால் மார்க்கம் சொல்லித்தர அரசாங்கமே சம்பளம் கொடுத்து ஆள் போடும். நம் பிள்ளைகள் பள்ளி நிறைய இருந்தாலும் தேவாரத்துக்கு ஒரு காசு கிடையாது. கோயில் செலவில் நடத்திக் கொள்ளலாமாம். இது என்ன நியாயம்? இஸ்லாத்தின் மேல் எனக்கு மனத்தாங்கல் எதுவும் இல்லை. துணிக்கடை ஷரீஃபுதீன் பாய் நம் வீட்டு மனிதர் மாதிரி. நான் சொல்வதெல்லாம், கொடுத்தால் எல்லோர் சாமிக்கும் கொடு, இல்லையென்றால் யார் சாமிக்கும் கொடுக்காதே என்பதுதான்.

நம் தெருவிலேயே பார். மலாக்கா செட்டிகள் தமிழைத் தொலைத்துவிட்டு மலாய் பேசுகிறார்கள். ஆனால் சாமியைத் தொலைக்கவில்லை, அதனால் இன்றும் நம்மவர்களாகவே இருக்கிறார்கள். சாமியையும் தொலைத்தால் நாம் என்னவாக இருப்போம்?

உடம்பைப் பார்த்துக் கொள். அம்மாவுக்கு என் வணக்கம்.

அன்புடன்,
கலியாணசுந்தரம்


காஜா பெராங்,
மலாக்கா.
9.6.1957

அன்புள்ள அண்ணனுக்கு,

செட்டிகளைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அவர்களுக்குச் சாமி இருந்தது, தமிழ்ப் பள்ளிக்கூடம் இல்லை. அதனால்தான் தமிழ் போனது. நீங்கள் கையெழுத்துப் போடாவிட்டால் நாமும் அதே நிலைக்குத்தான் போவோம். கோயில் இருக்கும், பள்ளி இருக்காது. உங்கள் பேரப்பிள்ளைகள் சாமிக்கு முன்னால் நின்று மலாயில் வேண்டிக் கொள்வார்கள். வேலாயுதருக்குப் புரியும், எனக்கென்ன!

பதினைந்து பேர் விஷயத்தில் உங்கள் கோபம் நியாயமானது. எனக்கும் அது பிடிக்கவில்லை. ஷரீஃபுதீன் பாயிடம் கேட்டேன். ஜாலான் பெண்டஹாரா தெருக் கடையில் துணியை அளந்து கொண்டே, "தங்கச்சி, ஓதுறதுக்கு எங்களுக்கு மதரசா இருக்கு. ஆயிஷாவுக்குக் கணக்கும் தமிழும் வேணும், அதுக்குத்தான் ஒங்க கோயில் பள்ளிக்கே அனுப்புறேன்" என்றார். உங்களுக்குத் தெரியுமே, நம் பள்ளிக்கு ஒரே வழி கோயில் வாசல்தான், அது அவர் பிள்ளைகளுக்குக் கிடையாது. பின்பக்கம் சீன முதலாளி தவுக்கேயின் கீரைப் பாத்தியைத் தாண்டி வேலிச் சந்தில் நுழைந்து வருகிறார்கள். கீரையை மிதித்துவிட்டால் தவுக்கே போடும் சத்தம் என் வகுப்புக்குக் கேட்கும்.

போன வாரம் கல்வி இலாகா அதிகாரி வந்தார். பொன்னுதுரை என்று பெயர், யாழ்ப்பாணத்தார். முன்பக்கம் கோயில் வாசலில் அவரை நிறுத்தி, சப்பாத்தைக் கழற்றச் சொன்னேன். பிராகாரத்தைச் சுற்றிக் கொண்டு வகுப்புக்கு வந்தார். "பிள்ளை, இது பள்ளிக்கூடமோ கோயிலோ? வெறுங்காலோட வகுப்புக்குள்ள வாறது எனக்கு இதுதான் முதல்தரம்" என்று சிரித்தார். பிறகு சாலைப் பக்கம் போய் அப்பா கட்டிய சுவரைத் தட்டிப் பார்த்தார். "உங்கட பள்ளிக் காணி றோட்டைத் தொட்டுக் கொண்டுதானே கிடக்கு. ஏன் சுவர் வைச்சு மறிச்சிருக்கினம்? உதவி வேணுமெண்டால் றோட்டால நேரே ஒரு வாசல் வைக்க வேணும். எல்லாப் பிள்ளையளும் ஒரே வாசலால வரட்டும். சமயம் படிப்பிக்கிறதை ஒருத்தரும் மறிக்கேல்லை" என்றார்.

எனக்கு அந்த வார்த்தை நெஞ்சில் பால் வார்த்தது போல இருந்தது. அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. உங்களிடம் எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. எழுதாமலே புரிந்துகொண்டால் நல்லது.

ஏழாம் வகுப்பில் மல்லிகா என்று ஒருத்தி, பாசாரில் மீன் விற்கும் கமலவேணி அக்காளின் மகள். அரசாங்கப் பரீட்சை எழுதி டீச்சராக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். போன மாதம் பெரிய மனுஷியாகிவிட்டாள். "இனி என்னாத்துக்கு டீச்சர் பள்ளிக்கூடம்?" என்று அவள் அம்மா நிறுத்தப் பார்த்தாள். நான் சண்டை போட்டுத் திரும்ப அழைத்து வந்திருக்கிறேன். ஏழாம் வகுப்பில் மிஞ்சியிருக்கும் பெண்கள் அவளும் ஆயிஷாவும்தான்.

பாரத்துக்காகக் காத்திருக்கிறேன்.

அன்புத் தங்கை,
சந்திரமதி


செந்தூல்,
கோலாலம்பூர்.
2.7.1957

சந்திரமதிக்கு,

சுவரை இடிப்பதா? எந்தத் தைரியத்தில் இதை எனக்கு எழுதினாய்?

அந்தச் சுவரின் ஒவ்வொரு கல்லும் அப்பா தன் கையால் அடுக்கியது. ஆள் வைக்கக் காசில்லாமல் அல்ல, அது பிரார்த்தனை. பிள்ளை முதலில் சாமியைப் பார்க்க வேண்டும், பிறகு எழுத்தைப் பார்க்க வேண்டும், வேறு வழி இருந்தால் வேறு வழியில்தான் போவான் என்பார். அந்தக் கோயில் வாசல் வழியாகத்தான் நான் வந்தேன், நீ வந்தாய், பூங்காவனம் வந்தாள். யாருக்கு என்ன குறைந்து போயிற்று? யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஒருவர் சுவரைத் தட்டிப் பார்த்தால் அப்பாவின் பிரார்த்தனை தள்ளுபடியாகிவிடுமா?

இதற்குத்தான் பயந்தேன். இன்னும் ஒரு காசு வரவில்லை, அதற்குள் வாசல் எங்கே வைப்பது என்று அவர்கள் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். நாளைக்குப் பிள்ளையின் நெற்றியில் திருநீறு எதற்கு என்று கேட்பார்கள். நீ அதற்கும் தலையாட்டுவாய்.

உனக்கு ஏதோ காரணம் இருக்கிறதாம், எழுத முடியாதாம். சம்பளம் போதவில்லை என்பதற்கு இத்தனை சுற்று வளைப்பு எதற்கு? மாதா மாதம் நான் அனுப்புகிறேன். பள்ளியை விலை பேசாதே.

இந்தப் பேச்சை இத்தோடு நிறுத்து. அம்மாவுக்கு வலி மருந்து அனுப்பியிருக்கிறேன்.

கலியாணசுந்தரம்


காஜா பெராங்,
மலாக்கா.
4.8.1957

அண்ணனுக்கு,

மருந்து கிடைத்தது. அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. நீங்கள் அனுப்பிய பணத்தையும் அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். எனக்கு வேண்டாம். விலை பேசுகிறவள் என்று எழுதிய கையாலேயே பணமும் வந்தால் எப்படி வாங்குவது?

ஊரெல்லாம் மெர்டேக்கா, விடுதலை நாள் ஏற்பாடுதான். மருதமுத்து மாமா தன் நகைக் கடைக்குத் தோரணம் கட்டுகிறார். கோயிலில் விசேஷ பூசையாம், கோயில் தலைவர் அல்லவா. எங்கள் பள்ளிப் பிள்ளைகள் கொடி பிடித்து ஊர்வலம் போகிறார்கள். மல்லிகாவும் ஆயிஷாவும் முன் வரிசை.

எல்லோருக்கும் விடுதலை வருகிறது, சந்தோஷந்தான். வேறு எழுத ஒன்றுமில்லை.

சந்திரமதி


செந்தூல்,
கோலாலம்பூர்.
8.9.1957

அன்புத் தங்கை சந்திரமதிக்கு,

கோபமாக இருக்கிறாய். ஒரு பக்கத்துக்கு மேல் எழுதுகிறவள் நாலு வரியில் முடித்தால் எனக்குத் தெரியாதா? கோபத்தை விட்டுவிடு. விடுதலை நாளன்று மழையில் நனைந்து கொண்டு ஸ்டேடியத்தில் நின்றேன். கூட்டத்தோடு நானும் மெர்டேக்கா, மெர்டேக்கா என்று கத்தித் தொண்டை கட்டிவிட்டது. பக்கத்தில் நின்ற மலாய்க்காரர் என்னைக் கட்டிக் கொண்டார். அப்பா இருந்து பார்த்திருக்க வேண்டும் என்று அழுதுவிட்டேன். இந்த நாடு நம்முடையது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. என் நாடு என்பதால்தான் என் சாமிக்கும் பங்கு கேட்கிறேன்.

இனி உன்னிடம் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. மருதமுத்து மாமா கடிதம் எழுதியிருக்கிறார். அவர் எழுதியதை அப்படியே தருகிறேன்: "தம்பி, ஒங்க தங்கச்சிய கண்டிச்சு வைங்க. மாசந்தவறாம மூணு நாளு மட்டம் போடுது. என்னான்னு கேட்டா ஒடம்பு சரியில்லங்குது. அது வளக்கிற அந்த மீன்காரி மவளும் இப்ப அதே மாதிரி பண்ணுது. கோயில் காசு சும்மா வருதா?"

எனக்கு எப்படி இருந்திருக்கும்! ஆசிரியர் பற்றாக்குறை என்கிறாய், அரசாங்க உதவி வேண்டும் என்கிறாய், நீயே மாதம் தவறாமல் வேலைக்குப் போகாமல் இருக்கிறாய். அப்பா காய்ச்சலோடு கம்பளியைப் போர்த்திக் கொண்டு பாடம் நடத்தியவர். அவர் மகள் இப்படிச் செய்யலாமா? உனக்கு உண்மையிலேயே நோய் என்றால் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டு. நோய் இல்லையென்றால் என் தலையைக் குனிய வைக்காதே. அரசாங்கச் சம்பளம் கேட்பதற்காக வேண்டுமென்றே வேலையைக் கெடுக்கிறாய் என்றுகூட மாமா சந்தேகப்படுகிறார். நான் நம்பவில்லை. ஆனால் நீ பதில் சொல்ல வேண்டும்.

அன்புடன்,
கலியாணசுந்தரம்


காஜா பெராங்,
மலாக்கா.
11.10.1957

அண்ணா,

பதில் கேட்டீர்கள். ஒரு மாதமாக எழுதுவதும் கிழிப்பதுமாக இருந்தேன். ஒரு பெண் தன் அண்ணனுக்கு எழுதக் கூடாததை எழுதப் போகிறேன். படிக்கக் கூசினால் மடித்து வைத்துவிட்டு, மனதைத் தேற்றிக் கொண்டு மறுபடி எடுத்துப் படியுங்கள். ஆனால் படியுங்கள்.

இந்த வாரம் ஏழாம் வகுப்பு அரசாங்கப் பரீட்சை நம் பள்ளியில் நடந்தது. மல்லிகா சரஸ்வதி பூசையில் பென்சிலை வைத்து எடுத்துக் கொண்டு, முதல் நாள் கணக்குப் பரீட்சையை எழுதினாள். அழகாக எழுதியிருந்தாள். இரண்டாம் நாள் தமிழ். அன்று காலை அவள் வீட்டுக்கு விலக்காகிவிட்டாள்.

கோயில் வாசலை மிதிக்கக் கூடாது. பள்ளிக்கு வேறு வாசல் இல்லை. வேலிச் சந்து வழியாகவாவது போகட்டும் என்று மருதமுத்து மாமாவுக்குச் சொல்லி அனுப்பினேன். "அது பாய் வீட்டுப் புள்ளைங்களுக்கு விட்ட வழி. நம்ம புள்ள சாமி வாசல்ல வரணும், வர முடியாட்டி வீட்டுல கெடக்கணும். ஒங்க அப்பா வச்ச சட்டந்தானே" என்று பதில் வந்தது. கமலவேணி அக்காளும் "சாமி குத்தம் ஆயிரும் டீச்சர், வேணாம், எம்புள்ளைக்கு ஏதாச்சும் ஆயிட்டா?" என்று கையெடுத்துக் கும்பிட்டாள்.

ஆயிஷா கீரைப் பாத்தியைத் தாண்டி உள்ளே போய்ப் பரீட்சை எழுதினாள். நல்ல பிள்ளை, நன்றாக இருக்கட்டும். நம் சாமிக்காக, நம் அப்பா கட்டிய பள்ளியில், ஷரீஃபுதீன் பாயின் மகளுக்கு வழி இருந்தது. நம் பெண்ணுக்கு இல்லை. மல்லிகா சுவருக்கு இந்தப் பக்கம் சாலையில் நின்றாள். பரீட்சை மணி அடித்தது, முடிந்த மணியும் அடித்தது. கையில் பென்சிலைப் பிடித்தபடியே நின்றாள். அழக்கூட இல்லை.

அவள் நின்றதை நான் எப்படிப் பார்த்தேன் என்று கேட்பீர்கள். நானும் அங்கேதான் நின்றேன். அன்று எனக்கும் அதே நாள்.

இப்போது தெரிகிறதா நான் ஏன் மாதா மாதம் மட்டம் போடுகிறேன் என்று? எனக்கு எந்த நோயும் இல்லை. பெரிய ஆஸ்பத்திரிக்காரர்கள் என்னைப் பார்த்தால் சிரிப்பார்கள். வேலைக்குச் சேர்ந்த நாள் முதல், மாதம் மூன்று நாள், நான் சம்பளம் வாங்கும் பள்ளிக்குள் நுழைய எனக்கு வழி கிடையாது. அப்பாவிடம் ஒரு தடவை அம்மா மூலம் கேட்டேன். "அந்தப் பேச்செல்லாம் எனக்கு வேண்டாம், லீவு எழுதிக் கொடுக்கச் சொல்" என்றாராம். எழுதிக் கொடுத்தேன். காய்ச்சல், தலைவலி, வயிற்று வலி என்று எழுதி எழுதி எனக்கே என் மேல் வெறுப்பு வந்துவிட்டது. அப்பாவால் காய்ச்சலோடு பாடம் நடத்த முடிந்தது, அண்ணா. காய்ச்சல் வந்தவரைக் கோயில் வாசல் தடுக்காது.

நான் சாமிக்கு விரோதி இல்லை. தினமும் கும்பிட்டுத்தான் சாப்பிடுகிறேன். அந்த நாட்களில் கோயிலுக்குப் போகக் கூடாது என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் பள்ளிக்கூடம் கோயில் இல்லையே! ஏழாம் வகுப்பில் பெண்கள் ஏன் மிஞ்சுவதில்லை என்று நீங்களாவது கேட்டிருக்கிறீர்களா, மாமாவாவது கேட்டிருக்கிறாரா? பெரிய மனுஷியானதும் ஒவ்வொருத்தியாக நின்றுவிடுகிறாள். மாதா மாதம் காரணம் சொல்லக் கூசி, பிறகு மொத்தமாகவே நின்றுவிடுகிறாள். ஊரில் எல்லோரும், படிப்பில் ஆசையில்லை, பிரம்புக்குப் பயந்துவிட்டாள் என்று சொல்லிக் கொள்கிறார்கள்.

அரசாங்கம் நம் தேவாரத்துக்குக் காசு கொடுக்காதது அநியாயந்தான். அதற்காகச் சண்டை போடுங்கள், நானும் கூட நிற்கிறேன். ஆனால் அந்தச் சண்டை முடியும்வரை மல்லிகா சாலையில் நிற்க வேண்டுமா?

டிசம்பர் கடைசிக்குள் கையெழுத்து வராவிட்டால் நான் வேலையை விட்டுவிடுகிறேன். குருபோங் பக்கம் ஓர் எஸ்டேட் பள்ளியில் ஆள் கேட்கிறார்கள். அங்கே வாசல் சாலையைப் பார்த்து இருக்கிறது. மல்லிகாவையும் கூட்டிக் கொண்டு போவேன்.

சந்திரமதி


செந்தூல்,
கோலாலம்பூர்.
17.11.1957

அன்புத் தங்கை சந்திரமதிக்கு,

தீபாவளிக்கு வரவில்லை. அம்மா வருத்தப்பட்டிருப்பாள். உன் முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை, அதுதான் காரணம்.

உன் கடிதத்தைப் பாதியில் மடித்துவிட்டேன். நீ சொன்னது போலவேதான். மறுபடி எடுக்கத் தைரியம் வராமல் அலமாரியில் போட்டுவிட்டு ஆபீசுக்குப் போய்விட்டேன். திரும்பி வந்து பார்த்தால் பூங்காவனம் அடுப்படியில் உட்கார்ந்து அதை எழுத்துக் கூட்டிப் படித்துக் கொண்டிருக்கிறாள். சோறு குழைந்து போயிருக்கிறது. "என்ன அவசரம், அதை ஏன் எடுத்தாய்?" என்று அதட்டினேன். அவள் எழுந்திருக்கவில்லை. கடைசி வரி வரை விரலை வைத்துப் படித்து முடித்தாள். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னாள்:

"ஒங்க அப்பா பிரம்புக்குப் பயந்து ஓடுனேன்னு கல்யாணம் ஆன நாள்லேர்ந்து ஊரு பூரா சொல்லிச் சிரிக்கிறீங்க. ஏன்டி நின்னேன்னு என்னைக்காச்சும் ஒரு நாளு கேட்டீங்களா? அவரு என்னைய ஒரு அடி அடிச்சதில்ல. நான் நல்லா படிச்சேன்."

அந்த வாசல் வழியாகப் பூங்காவனமும் வந்தாள் என்று பெருமையாக உனக்கு எழுதியவன் நான். வந்தவள் ஏன் திரும்பிப் போனாள் என்று எனக்குத் தெரியாது.

ஆனாலும் உடனே கையெழுத்துப் போட்டுவிடவில்லை. அரசாங்கப் பணம் இல்லாமலே சாலைப் பக்கம் வாசல் வைப்போம், அப்பாவின் பள்ளி அப்பாவின் பள்ளியாகவே இருக்கட்டும் என்று மருதமுத்து மாமாவுக்கு எழுதினேன். உடனே பதில் வந்தது. "நெலம் ஒங்களுது, சொவரு ஒங்களுது, இடிச்சுக்குங்க. இடிச்ச அன்னைக்கே கோயில் காசு நின்னுரும். கோயில் காசுல நடக்குற பள்ளி கோயில் சுத்தத்துக்குக் கட்டுப்படணும்." நான் அரசாங்கத்தைப் பற்றி என்ன சொன்னேனோ அதையே அவர் தன் வாயால் சொல்லிவிட்டார். காசு கொடுக்கிறவர்தான் வாசலை வைக்கிறார், அது யாராக இருந்தாலும். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

கையெழுத்துப் போட்டுவிட்டேன். பாரம் இத்துடன் இருக்கிறது.

நான் மாறிவிட்டேன் என்று நினைக்காதே. ஒரு சாமிக்குச் சம்பளம், இன்னொரு சாமிக்குக் கும்பிடு என்பது தப்பு. சாகும்வரை சொல்வேன். தேவாரத்தை நீ விட்டுவிட்டாயோ, உன்னோடு ஜென்மத்துக்கும் பேச மாட்டேன். சுவரை இடிக்கும்போது என்னைக் கூப்பிடாதே, என்னால் பார்க்க முடியாது. அப்பா அடுக்கிய கல்லை வண்டியில் ஏற்றிக் குப்பையில் கொட்டிவிடாதே. இது என் உத்தரவு அல்ல, கெஞ்சிக் கேட்கிறேன்.

அன்புடன்,
கலியாணசுந்தரம்


காஜா பெராங்,
மலாக்கா.
16.1.1958

அன்புள்ள அண்ணனுக்கு,

பொங்கல் நல்லபடியாக நடந்தது. அம்மா சுகம். நீங்கள் அனுப்பிய சேலையைக் கட்டிக் கொண்டு தெரு முழுக்கக் காட்டிவிட்டு வந்தாள்.

டிசம்பர் லீவில் சுவரை இடித்தோம். இரும்புக் கதவு இன்னும் வரவில்லை, இலாகாக்காரர்கள் இதோ அதோ என்கிறார்கள். இப்போதைக்கு அந்த இடம் திறந்தே கிடக்கிறது. ஆடு மாடு வந்து எட்டிப் பார்க்கிறது. அப்பாவின் கற்களில் ஒன்றைக்கூட வெளியே விடவில்லை. மழையில் சாலையிலிருந்து வகுப்பு வரை ஒரே சேறு, அதில் அவற்றைத்தான் வரிசையாகப் பரப்பியிருக்கிறோம். பிள்ளைகள் அதன்மேல் நடந்து வருகிறார்கள்.

நீங்கள் பயந்ததில் பாதி நடந்துவிட்டது, மறைக்க மாட்டேன். தேவாரத்தைப் பள்ளி மணிக்கு முன்னால் கோயில் மண்டபத்தில் நானே சொல்லித்தருகிறேன், சம்பளம் கிடையாது. முன்பெல்லாம் பள்ளி முழுவதும் பாடும். இப்போது ஒரு கை விரல்களுக்குள் அடங்குகிற பிள்ளைகள்தான் வருகிறார்கள். மற்றவர்கள் நேராகச் சாலை வழியாக வகுப்புக்குப் போய்விடுகிறார்கள். அவர்கள் பாடாமல் போவதைப் பார்க்கும்போது அப்பா சொன்னது காதில் கேட்கிறது. எனக்கு அந்த நாள் வந்தால் மண்டபத்தில் அவர்களுக்குச் சொல்லித்தரக்கூட ஆளில்லை. தேவாரத்துக்கும் ஒரு சம்பளம் வேண்டும் என்று கல்வி இலாகாவுக்கு மனு எழுதி வைத்திருக்கிறேன். மானேஜர் கையெழுத்து வேண்டும். இதையாவது சுணங்காமல் போட்டு அனுப்புவீர்களா?

மருதமுத்து மாமா என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக் கொள்கிறார். ஷரீஃபுதீன் பாய் முதல் நாள் ஆயிஷாவின் தம்பியைக் கையில் பிடித்துக் கொண்டு சாலை வழியாக வந்தார். "தங்கச்சி, இனி அந்தத் தவுக்கே யாரத் திட்டுவாரு பாவம்!" என்று சிரித்தார். மல்லிகா மறுபடி ஏழாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறாள். தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு உட்காருவதில் அவளுக்கு வெட்கந்தான். ஆனால் ஒரு நாள்கூட வராமல் இருந்ததில்லை.

இந்தக் கடிதத்தை அண்ணியிடம் கொடுத்துவிடுங்கள். எத்தனை நேரமானாலும் அண்ணியே எழுத்துக் கூட்டிப் படிக்கட்டும். நீங்கள் நடுவில் புகுந்து படித்துக் காட்ட வேண்டாம், கிண்டலும் வேண்டாம். அடுத்த லீவுக்கு அண்ணியை இங்கே கூட்டி வாருங்கள். ஐந்தாம் வகுப்பில் பாதியில் விட்ட பாடத்தை நான் நடத்துகிறேன். நீங்கள் கோயில் வழியாக வாருங்கள், அண்ணி எந்த வழியாக வேண்டுமானாலும் வரட்டும்.

பிள்ளைகள் கணக்குப் போட்டுக் கொண்டிருக்கிறார்கள், அந்த நேரத்தில் என் மேசையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நேற்றும் வந்தேன், நாளையும் வருவேன். அண்ணா, இன்று எனக்கு இரண்டாவது நாள்.

உங்கள் அன்புத் தங்கை,
சந்திரமதி